காசிமேட்டு நாடகக்காரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாடகம் முடிந்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது நாலு பேர் வந்து சுற்றி நிற்பார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். தேங்காய் எண்ணெயும் பஞ்சுமாக நிற்கிற நேரத்தில் நான் சொல்லும் பதில் அரைகுறையாகத்தான் இருக்கும். அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். எனக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறேன், வீடு காசிமேடு. மற்றதெல்லாம் கீழே.

நீ எந்தக் குழு? என்ன மாதிரி நாடகம் போடுகிறீர்கள்?

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று பல பக்கத்துப் பிள்ளைகள் சேர்ந்த சின்னக் குழு. கல்லூரி முடித்து வேலைக்குப் போகும் அண்ணன்கள் இரண்டு பேரும் ஓர் அக்காவும் நடத்துகிறார்கள். அதிகம் போடுவது வீதி நாடகம். கூத்து அடவுகளை வைத்து ஒரு மணி நேர நாடகங்களும் உண்டு. காசு சேர்ந்தால் வருடத்துக்கு ஒரு முறை மேடை எடுப்போம். ஒத்திகை சமுதாய நலக்கூடத்தில். அங்கே கல்யாணமோ காதுகுத்தோ இருந்தால் யாராவது வீட்டு மொட்டை மாடி. கீழே கன்டெய்னர் லாரி வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சலுக்கு மேலே வசனம் பேசிப் பழகியதால் மைக் இல்லாத இடத்தைக் கண்டு நாங்கள் பயப்படுவதில்லை.

யாரைப் பார்த்து நடிக்க வேண்டுமென்ற ஆசை வந்தது?

நடிகர் யாராவது பெயரை எதிர்பார்த்துத்தான் கேட்பார்கள். உண்மையில் முதல் ஆள், மீன் ஏலம் விடுகிற ஒரு அண்ணன்.

சின்ன வயதில் அம்மாவோடு விடியற்காலையில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போவேன். தரையில் கொட்டிய மீனைச் சுற்றி ஐம்பது பேர் நிற்பார்கள். ஐஸ் உடைக்கிற சத்தம், வண்டிச் சத்தம், சண்டைச் சத்தம் எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும். அதற்கு நடுவே அவர் குரல் மட்டும் தனியாக வந்து காதில் விழும். கத்தவே மாட்டார். வயிற்றிலிருந்து குரலை எடுப்பார், வார்த்தையின் கடைசி எழுத்தை விழுங்க மாட்டார். கூட்டத்தில் யார் வாங்கப் போகிறார் என்பது கண்ணிலேயே தெரிந்துவிடும் போல, அவரைப் பார்த்துத்தான் அடுத்த விலையைச் சொல்வார். முடிக்கப் போகும் விலைக்கு முன்னால் ஒரு நொடி நிறுத்துவார். அந்த நொடியில் ஐம்பது பேரும் வாயை மூடுவார்கள். பின்னால் ஒரு பயிற்சிப் பட்டறையில் மூச்சு, உச்சரிப்பு, பார்வை, இடைவெளி என்று நாலு நாள் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு அவர்தான் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தார்.

இரண்டாவது, என் ஆயா. தெருவில் சாவு விழுந்தால் ஒப்பாரிக்கு ஆயாவைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். மார்பில் அடித்துக்கொண்டு பாடும்போது பார்க்கிறவர்களுக்கெல்லாம் தொண்டை அடைக்கும். பாட்டுக்கு நடுவிலேயே என்னைத் திரும்பிப் பார்த்து, "வந்தவங்களுக்கு டீ குட்த்தியா?" என்று கேட்பாள். நான் தலையாட்டுவதற்குள் விட்ட இடத்திலிருந்து, விட்ட அதே சுருதியில், மறுபடி அழுகை. பொய்யாக அழுகிறாள் என்று அப்போது எனக்குக் கோபம் வரும். இப்போது அப்படித் தோன்றுவதில்லை. துக்கமும் நிஜம், வேலையும் நிஜம்.

அப்புறம் கூத்து. ஆடி மாதம் எங்கள் பக்கத்து அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். சில வருடம் திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து கூத்துக் குழுவைக் கூட்டி வருவார்கள். வட சென்னையில் பல குடும்பங்களுக்குப் பூர்வீகம் அந்த ஊர்கள்தான், அதனால் கதை சொல்லத் தேவையே இருக்காது. இரவு பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடியும் வரை போகும். எல்லோரும் ராஜா வேஷத்தைப் பார்ப்பார்கள், நான் கட்டியங்காரனையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவன்தான் ராஜாவை வரவேற்பான், அவன்தான் கிண்டலும் செய்வான். துரியோதனன் சபையில் நின்றுகொண்டு எங்கள் வார்டு தண்ணீர் லாரியைப் பற்றிப் பேசுவான்.

படித்துத் தெரிந்துகொண்ட பழைய நடிகர்களில் யார் பிடிக்கும்?

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஸ்வநாததாஸ். 1886-ல் சிவகாசியில் பிறந்தவர். வள்ளித் திருமணத்தில் முருகனாக வந்து, தினைப்புனத்தில் பறவை விரட்டுகிற காட்சியில் வெள்ளைக் கொக்கை விரட்டுவதாகப் பாடுவார். கொக்கு யார் என்று கொட்டகையில் இருந்தவர்களுக்கும் தெரியும், வாசலில் நின்ற போலீசுக்கும் தெரியும். பலமுறை சிறைக்குப் போனார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் அதே வேடத்தில் மயில் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் போய்விட்டது. அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. அவர் முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்தவர் என்பதால் அவருக்கு ஜோடியாக நடிக்கச் சில நடிகைகள் மறுத்திருக்கிறார்கள். மேடையில் முருகனாகக் கும்பிடுவார்கள், திரைக்குப் பின்னால் பக்கத்தில் நிற்க மாட்டார்கள்.

அப்படி மறுக்காமல் அவரோடு நடித்தவர் மதுரை கே.பி. ஜானகியம்மாள். அவர்தான் என்னுடைய பெரிய ஆதர்சம். ஸ்பெஷல் நாடகங்களில் பேரும் பணமுமாக இருந்தவர், அரசியலுக்கு வந்து சிறைக்குப் போனார், நகைகளையெல்லாம் இயக்கத்துக்காக விற்றார், 1967-ல் மதுரை கிழக்குத் தொகுதியில் ஜெயித்து சட்டமன்றத்துக்கும் போனார். நாடகக்காரி என்று இளக்காரமாகப் பேசுகிறவர்களிடம் நான் இவர் பெயரைத்தான் சொல்வேன். பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஒரு நிமிடம் வாயடைத்து நிற்பார்கள், எனக்கு அது போதும்.

கும்பகோணம் பாலாமணி அம்மாள் இன்னொருவர். நூறு வருடத்துக்கும் முன்னால் பெண்களை மட்டுமே வைத்து ஒரு நாடகக் கம்பெனி நடத்தினார். ஆண் வேடத்தையும் பெண்களே கட்டினார்கள். அவர் நாடகத்தைப் பார்ப்பதற்கென்றே கும்பகோணத்துக்கு ரயில் விட்டார்கள். அவ்வளவு சம்பாதித்தவர் கடைசியில் வறுமையில் செத்துப்போனார். அம்மாவிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது, இப்போதும் அதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறாள்.

தொழில் என்று பார்த்தால் டி.கே. சண்முகம். ஆறு வயதில், நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் நாடக சபையில் சேர்ந்தவர். அந்தச் சின்னப் பையன் அபிமன்யுவாக நடிப்பதற்காக சுவாமிகள் ஒரே இரவில் ஒரு முழு நாடகத்தை எழுதி முடித்தாராம். பெரியவரானதும் ஔவையாராக வேஷம் கட்டினார், ஊரே அவ்வை சண்முகம் என்று கூப்பிட்டது. கிழவியின் பேச்சு சரியாக வருவதற்காகப் பல்லைக்கூடப் பிடுங்கிக்கொண்டார் என்று சொல்வார்கள். நான் பல்லைப் பிடுங்கிக்கொள்ள மாட்டேன், அதற்குமுன் வேறு வழி இருக்கிறதா என்று பார்ப்பேன். ஆனாலும் ஓர் ஆண், இளமையும் கட்டான உடம்பும் உள்ளவர், நடுங்குகிற கிழவியாக மாறி ஜனங்களைக் கும்பிட வைத்தார் என்பது எனக்கு ரொம்ப முக்கியம். ஏன் என்று அடுத்த பதிலில் தெரியும்.

இதுவரை நடித்ததில் பிடித்த வேடம் எது?

துச்சாதனன்.

எங்கள் குழுவுக்குக் கூத்து சொல்லிக் கொடுக்க ஒரு வாத்தியார் வந்தார். திரௌபதி துகிலுரிதலில் ஒரு பகுதியைப் பயிற்சிக்கு எடுத்தார். பெண் பிள்ளைகள் எல்லோரும் திரௌபதிக்குக் கை தூக்கினோம். வாத்தியார் என்னைப் பார்த்து, "நீ குரல் கனமா வச்சிருக்க, துச்சாதனன் கட்டு" என்றார். எனக்கு முகம் தொங்கிவிட்டது. ஆனால் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் கிரீடமும் ஏறினதும் நடையே மாறிவிட்டது. கட்டைகளின் எடையால் கையைப் பக்கத்தில் தொங்கவிட முடியாது, அகலமாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். கை அகன்றால் கால் அகலும், கால் அகன்றால் திமிர் தானாக வந்துவிடும். தெருவில் பெண்ணாக நடக்கும்போது நான் எவ்வளவு குறுக்கிக்கொண்டு நடக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இந்தக் காட்சியில் கூத்துக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. கோயிலில் ஆடும்போது, சேலையைத் தொடுவதற்கு முன்னால் துச்சாதனன் வேஷக்காரர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்பார். 'இது என் தொழில், நான் செய்வதாக எடுத்துக்கொள்ளாதே' என்கிற மாதிரி. அப்புறம் எழுந்து மறுபடி துச்சாதனனாகி இழுப்பார். முதலில் இதைக் கேட்டபோது, நடுவில் நிறுத்தினால் நாடகம் உடைந்துபோகாதா என்று நினைத்தேன். செய்து பார்த்தபோது நேர்மாறாக இருந்தது. கும்பிட்டு எழுந்து சேலையில் கை வைக்கிற நொடியில், இதைச் செய்யப்போவது யார் என்பது எனக்கும் எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. பிடிக்காத ஒன்றை ஒருவன் தெரிந்தே செய்வதுபோல அது இன்னும் கொடூரமாக இருந்தது. நாடகம் முடிந்து ஒரு பெரியம்மா என்னிடம் வந்து, நெட்டி முறிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்துவிட்டுப் போனார்.

பொம்பளப் புள்ள போய் துச்சாதனன் வேஷம் கட்டலாமா?

நூற்றாண்டுக் கணக்காக ஆம்பளைகள் திரௌபதி வேஷம் கட்டினார்கள், அம்மன் கோபித்துக்கொள்ளவில்லை. கூத்திலேயே இப்போது பெண்கள் பயிற்சி எடுத்து ஆண் வேடம் கட்டுகிறார்கள். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் படித்து முழு இரவுக் கூத்து ஆடியிருக்கிறார்கள்.

எண்ணூர் நாடகத்தில் கிழவியாக நடித்தது நீதானா?

நானேதான். மேக்கப் கொஞ்சம், மிச்சமெல்லாம் முதுகுதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம் முழுக்கப் பரவியது நினைவிருக்கும். அதைப் பற்றி ஒரு வீதி நாடகம் போட்டோம். கழிமுகத்தில் தண்ணீருக்குள் உட்கார்ந்து, சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிக்கிற பெண்கள் இருக்கிறார்கள். வலை கிடையாது, படகு கிடையாது. வாயில் கூடையைக் கவ்விக்கொண்டு நகர்வார்கள். அந்த ஒரு பாட்டி வேடம் எனக்கு. அவர்களோடு போய் உட்கார்ந்து பார்த்தபோது ஒன்று கவனித்தேன்: கரைக்கு வந்த பிறகும் விரல்கள் சும்மா இருக்காது, மடியில் எதையோ துழாவிக்கொண்டே இருக்கும். நாடகத்தில் அதிகாரி வேடக்காரன் கணக்குக் கேட்டுக்கொண்டிருப்பான், நான் பதில் சொல்லாமல் விரலால் தரையைத் துழாவிக்கொண்டே இருப்பேன். நிறைய வசனம் எழுதியிருந்தோம், கடைசியில் பாதியை வெட்டிவிட்டோம்.

உன் பேச்சில் மெட்ராஸ் வாடை அடிக்கிறதே, மேடைக்கு அது ஒத்து வருமா?

இதை அக்கறையாகக் கேட்பவர்களும் உண்டு, மூக்கைச் சுளித்துக்கொண்டு கேட்பவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் ஒரு கதை சொல்கிறேன்.

தவக்காலத்தில் எங்கள் பக்கம் சர்ச்சில் இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவார்கள். எங்கள் வீடு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீடுதான், ஆனால் நாடகத்துக்கு ஆள் வேண்டுமென்றால் தெருவே போகும். எனக்கு ஒரு குட்டி வேடம்: குளிர் காய்கிற இடத்தில் இயேசுவின் சீடர் பேதுருவைப் பார்த்து "நீயும் அவரோட இருந்தவன்தானே" என்று சொல்லும் வேலைக்காரப் பெண். பேதுரு மறுப்பார். பக்கத்தில் நிற்பவர்கள் விட மாட்டார்கள், உன் பேச்சே உன்னைக் காட்டிக்கொடுக்கிறதே என்பார்கள். பேதுரு கலிலேயாக்காரர், மீனவர். எருசலேமில் வாயைத் திறந்தாலே எந்த ஊர் என்று தெரிந்துவிடும்.

எங்கள் பேதுருவும் படகுக்குப் போகிற மாமா. ஒத்திகை முழுக்கச் செந்தமிழில் திக்கித் திக்கிப் பேசிக்கொண்டிருந்தார். கடைசி மறுப்பை மட்டும் நம் பேச்சிலேயே சொல்லிப் பாருங்கள் என்று நாடகம் பழக்கியவர் சொன்னார். நாடகத்தன்று மாமா, "யோவ், அந்த ஆள யார்னே எனக்குத் தெரியாதுன்றேன்ல!" என்று வெடித்தார். ஜனம் முதலில் சிரித்தது. சிரித்து முடிக்கும்போதுதான் இவர் இயேசுவையே தெரியாதென்று மறுத்துவிட்டார் என்பது புரிந்தது. காசிமேட்டில் பேதுருவுக்கு வேறெந்தப் பேச்சு பொருந்தும்?

இலக்கணத் தமிழும் எனக்கு வரும். ழகரம் சுத்தமாக வரும், வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள். இரண்டும் வரவேண்டும் என்பதுதான் என் கட்சி.

அப்போ குப்பத்துப் பொண்ணு, ரவுடி தங்கச்சி மாதிரி வேடம்தான் உனக்கு நன்றாக வருமே?

இதுதான் எனக்கு அலுத்துப்போன கேள்வி. ஒரு குறும்படத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனேன். பேர் கேட்கவில்லை, என்ன நாடகம் செய்திருக்கிறாய் என்று கேட்கவில்லை. "காசிமேடா? சூப்பர். லோக்கலா திட்டு பார்ப்போம்" என்றார்கள். கொஞ்சம் திட்டினேன். இன்னும் லோக்கலா என்றார்கள். அவர்கள் எதிர்பார்த்தது பழைய சினிமாவில் வருகிற 'கஸ்மாலம்', 'சோமாறி' எல்லாம். எங்கள் தெருவில் அந்த வார்த்தைகளை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் ஊரைப் பற்றி எங்களுக்கே நடித்துக் காட்டினார்கள்.

எங்கள் பக்கத்தில் ரவுடியே இல்லை என்று நான் சாதிக்கப் போவதில்லை. அந்த வேடம் வந்தால் செய்யவும் செய்வேன், ஒழுங்காக எழுதியிருந்தால். ஆனால் வேஷம் கட்டுவதன் ருசியே நாம் இல்லாத ஆளாக ஆவதில்தான் இருக்கிறது. அகன்ற தோளோடு அஸ்தினாபுரத்துச் சபையில் நின்ற பிறகு, பிறந்த தெருவுக்குள்ளேயே நில் என்று சொன்னால் கேட்க முடியவில்லை.

அழுகிற காட்சியில் நிஜமாகவே அழுகிறாயா?

சில நாள் வரும், சில நாள் வராது. ஆயா சொல்லிக் கொடுத்தது மூச்சை. விம்மலை மூச்சில் சரியாக வைத்தால் கண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் பார்க்கிறவர்களுக்கு ஒன்றுதான்.

வசனம் மறந்துபோனால்?

வீதி நாடகத்தில் பிரச்சினையே இல்லை, கூட்டத்தில் ஒருவரிடம் எதையாவது கேட்டுவிடலாம். மேடை நாடகத்தில், பேசுவதை நிறுத்தினாலும் செய்கிற வேலையை நிறுத்தாதே என்று அக்கா சொல்லுவார். பாத்திரம் துலக்குகிற காட்சி என்றால் துலக்கிக்கொண்டே இரு, கை வசனத்தைக் கொண்டுவரும் என்பார். பெரும்பாலும் வந்துவிடுகிறது. கூத்தில் இன்னும் சுகம், பின்பாட்டுக்காரர் அடியெடுத்துக் கொடுத்துவிடுவார்.

வீட்டில் என்ன சொல்கிறார்கள்?

அம்மாவுக்குப் பயம், அப்பாவுக்குப் பெருமை, ஆனால் இரண்டு பேரும் அதை வெளியில் சொல்ல மாட்டார்கள்.

அப்பா விசைப்படகில் டிரைவர். கடலுக்குப் போனால் பல நாள் வீட்டில் இருக்க மாட்டார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போதுதான் எனக்கும் லீவு, எங்கள் குழுவின் பெரிய நாடகமும் அப்போதுதான். வருமானம் இல்லாத இரண்டு மாதம் என்பதால் வீட்டில் சண்டை சச்சரவு இருக்கும். ஆனாலும் அந்த மாதங்களில் அப்பா ஒத்திகைக்கே வந்து ஓரமாக உட்கார்ந்திருப்பார். ஒரு தடவை முட்டுப்பலகை ஆடுகிறது என்று எழுந்து வந்து அவரே ஆணி அடித்துக் கொடுத்தார். அதற்கப்புறம் எங்கள் செட் வேலையெல்லாம் அவரும் அவர் கூட்டாளிகளும்தான். படகு மராமத்து பார்க்கிற கைக்கு ஒரு சிம்மாசனம் பெரிய வேலையா?

அம்மாவின் பயம் வேறு. ராத்திரி பத்து மணிக்கு மேல் நான் எப்படி வீடு வந்து சேருவேன் என்பது. நியாயமான பயம். அதனால் தூரத்தில் நாடகம் என்றால் குழுவாகத்தான் திரும்புவோம், ஒவ்வொருவரையும் வீட்டு வாசல் வரை விட்டுவிட்டுத்தான் அடுத்தவர் வீடு.

இதில் காசு கிடைக்குமா?

வீதி நாடகத்துக்கு டிக்கெட் கிடையாது. முடிந்ததும் துண்டு ஏந்துவோம். சில்லறை, பத்து ரூபாய், எப்போதாவது ஐம்பது. சவுக்கார்பேட்டையில் ஒருமுறை ஒரு கடைக்காரர் எல்லோருக்கும் லஸ்ஸி வாங்கிக் கொடுத்தார். எனக்குக் கிடைப்பது பஸ் காசும் டிபனும். இதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது என்று தெரியும்.

படிப்பு கெடாதா?

காலாண்டில் கணக்கு தவிர எல்லாவற்றிலும் நல்ல மார்க். கணக்கு நாடகத்துக்கு வருவதற்கு முன்னாலும் அப்படித்தான்.

நாடகமெல்லாம் மயிலாப்பூர், தி. நகர் பக்கம்தானே? வட சென்னையில் ஏது நாடகம்?

இப்போது மேடை என்றால் அந்தப் பக்கம்தான், அதை மறுக்க முடியாது. சபாக்கள் அங்கே, நவீன நாடகம் போடும் இடங்களும் பெரும்பாலும் நுங்கம்பாக்கம், விருகம்பாக்கம், அடையாறு பக்கம். ஆனால் ஒரு காலத்தில் நாடகம் பார்க்க ஊரெல்லாம் எங்கள் பக்கம்தான் வந்தது. வால்டாக்ஸ் சாலையில் ஒற்றைவாடை கொட்டகை இருந்தது, பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் அங்கே நாடகம் போட்டிருக்கின்றன. சென்ட்ரல் பக்கத்தில் விக்டோரியா பப்ளிக் ஹால். 1891-ல் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் தொடங்கிய சுகுண விலாச சபா நாடகம் போட்டது அங்கேதான். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அரிதாரம் பூசினார்கள், நாடகம் என்றால் கூத்தாடிகள் சமாச்சாரம் என்றிருந்த பேச்சு கொஞ்சம் மாறியது. (கூத்தாடிகளுக்கு அதனால் மரியாதை கூடியதா என்பது வேறு கேள்வி.)

எங்களுக்குத் தேவை பளபளப்பான அரங்கம்கூட இல்லை. வாடகை கட்டுப்படியாகிற, நூறு பேர் உட்காரக்கூடிய, பெண் பிள்ளைகள் உடை மாற்ற ஓர் அறையும் கழிவறையும் உள்ள ஒரு கூடம் தண்டையார்பேட்டையிலோ பெரம்பூரிலோ இருந்தால் போதும். இப்போது சமுதாயக் கூடத்தின் சமையலறையில்தான் வேஷம் கட்டுகிறோம். எல்லா நாடகத்திலும் ராஜாவின் மேல் சாம்பார் வாசனை.

சினிமாவுக்கு எப்போ போகப் போறே?

கூப்பிட்டால் போவேன். எதற்கு மழுப்ப வேண்டும்? பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லோரும் கூத்துப்பட்டறை என்கிற நாடகக் குழுவில் பழகியவர்கள். அதை ந. முத்துசாமி 1977-ல் தொடங்கினார். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதும் வேலைக்குப் போய், நடிப்பைப் பார்த்துப் பார்த்துக் கற்றவர். ஆனால் நாடகத்தை ஏதோ சினிமாவுக்கு ஏறுகிற ஏணி மாதிரி பேசும்போது எனக்குச் சுருக்கென்கிறது. நாடகத்தில் ஒரே காட்சியை இன்றைக்கு ஒரு மாதிரியும் நாளைக்கு வேறு மாதிரியும் செய்யலாம், எதிரே இருக்கும் ஆளைப் பொறுத்து மாற்றலாம். அந்த ருசி கேமரா முன்னால் கிடைக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

நடிக்க ஆசைப்படும் வேடம்?

முதலில் கர்ணன். கர்ண மோட்சம் முழு இரவுக் கூத்தில், சுருக்கியது இல்லை, விடிய விடிய ஆட வேண்டும். போருக்குப் போகும் முன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் காட்சியைப் பார்த்து ஆம்பளைகள் துண்டால் முகத்தை மூடிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு உடம்பில் தெம்பு வேண்டும், பாட்டு வேண்டும், இன்னும் பல வருடப் பயிற்சி வேண்டும்.

இரண்டாவது அமலாதித்யன். ஹாம்லெட்டைப் பம்மல் முதலியார் தமிழில் அந்தப் பெயரில் எழுதினார். பாரிசில் 1899-லேயே சாரா பெர்னார்ட் என்கிற நடிகை ஹாம்லெட்டாக நடித்திருக்கிறார், அதனால் நான் கேட்பது புதுசு ஒன்றும் இல்லை. அப்பாவின் ஆவி வருகிற காட்சியை ராத்திரி நேரத்துத் துறைமுகச் சுவர் ஓரமாக வைத்துப் போட வேண்டும் என்று மனதில் ஒரு படம் இருக்கிறது.

மூன்றாவதைச் சொன்னால் எங்கள் குழு சிரிக்கும். மயிலாப்பூர் சபாவில் ஒரு குடும்ப நகைச்சுவை நாடகத்தில், மடிசார் கட்டிய மாமி. முதல் காட்சி முதல் கடைசிக் காட்சி வரை. முன்வரிசையில் நிஜ மாமிகள் உட்கார்ந்திருக்க வேண்டும், அவர்களில் ஒருவர்கூட நான் எந்த ஏரியா என்று கண்டுபிடிக்கக் கூடாது.

படித்து முடித்து என்ன செய்வதாக எண்ணம்?

முதலில் ஒரு டிகிரி. தமிழ் இலக்கியம் எடுக்கலாம் என்றிருக்கிறேன், வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியாக இருந்தால் ஒத்திகையும் விடாமல் இருக்கும். அப்புறம் புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது, அங்கே நாடகம் படிக்கலாம். இல்லாவிட்டால் டெல்லி தேசிய நாடகப் பள்ளி. 1959-ல் தொடங்கியது, மூன்று வருடப் படிப்பு, சேர்வதற்கு டிகிரி வேண்டும், நாடக அனுபவமும் வேண்டும். இந்தியில் தடுமாறுவேன் என்று பயமாகத்தான் இருக்கிறது. டெல்லி என்றதும் அம்மா சாப்பாடு வைக்காமல் எழுந்து போய்விட்டாள், அந்தப் பேச்சை இப்போதைக்கு எடுப்பதில்லை.

நடிப்பதோடு ஒரு நாடகமும் எழுதிக்கொண்டிருக்கிறேன். பின்னி மில் பற்றி. பெரம்பூரில் 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பித்தது, திரு.வி.க., வாடியா எல்லாம் இருந்தார்கள், பள்ளிக்கூடப் பாடத்தில் வரும். பாடத்தில் வராதது 1921. மாதக்கணக்கில் வேலைநிறுத்தம். ஒரு பகுதித் தொழிலாளர்கள் வேலைக்குப் போனார்கள், பெரும்பாலும் ஆதிதிராவிடர்கள். சண்டை சாதிச் சண்டையாக மாறிப் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடும் நடந்தது. ஒரே ஷிப்டில் பக்கத்துப் பக்கத்து நெசவுத்தறியில் நின்ற இரண்டு பேர், ஒருவன் உள்ளே போகிறான், ஒருவன் வாசலில் நிற்கிறான். இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. போனவனைத் துரோகி என்று எழுதுவது சுலபம், நின்றவனைச் சாதி வெறியன் என்று எழுதுவதும் சுலபம். நான் எழுதிய முதல் காட்சியில் இரண்டு தப்பும் இருக்கிறது என்று அக்கா சொல்லிவிட்டார். மில் 1996-ல் மூடியது, அதில் கடைசிவரை வேலை பார்த்த தாத்தாக்கள் இன்னும் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய அப்பா, தாத்தா சொன்ன கதைகளைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். யாருமே ஒரே மாதிரி சொல்வதில்லை, எழுத அதுதான் வசதியாக இருக்கிறது.

அக்கா, நானும் நடிக்க வரலாமா?

வாடா, வாடி. முதலில் உன் பள்ளிக்கூடத்திலேயே கேள். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது, அதில் நாடகமும் உண்டு, மாநில அளவில் ஜெயித்தால் கலையரசன், கலையரசி என்று பட்டம் கொடுக்கிறார்கள். அப்புறம் நிறையப் பார். கூத்து, சர்ச் நாடகம், வீதி நாடகம், எதுவானாலும் இலவசமாக நடந்தால் போய் முன்னால் உட்கார்.

ஏதாவது குழுவில் சேர்வதற்கு முன்னால் ஒத்திகையை ஒருநாள் சும்மா உட்கார்ந்து பார். வீட்டிலிருந்து ஆளைக் கூட்டி வரலாமா என்று கேள். கூடாது என்று சொல்கிற இடத்துக்குப் போகாதே. சேருவதற்கே பெரிய தொகை கேட்டு, சினிமா சான்ஸ் வாங்கித் தருகிறேன் என்று சொல்பவரிடமும் போகாதே. பெண் பிள்ளைகள் உடை மாற்ற எங்கே இடம், ராத்திரி யார் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார்கள் என்று வெட்கப்படாமல் கேள். நல்ல குழு கோபித்துக்கொள்ளாது.

எங்கள் குழுவில் சேர்ந்தால் முதல் மூன்று மாதம் வேடம் கிடைக்காது. திரை பிடிக்க வேண்டும், பாய் விரிக்க வேண்டும், பறை காய்ச்ச வேண்டும். நானும் திரை பிடித்தவள்தான்.

அடுத்த நாடகம் எப்போது?

மார்ச்சில் எனக்குப் பொதுத்தேர்வு. அதுவரை நான் மேடையில் இல்லை, குழு வீதி நாடகம் போட்டுக்கொண்டிருக்கும். பெரிய நாடகம் தடைக்காலத்தில், மே மாதம். சிம்மாசனத்துக்கு இப்போதே அப்பா பலகை சேர்க்கிறார்.